தரிசும் உழவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி என்ன செய்ய வேண்டும்? இருக்கின்ற வலிமையைத் திரட்டி இவ்வாண்டே வென்றுவிட முயல்வதா? அன்றி, இருப்பதைக் கலைத்துவிட்டு, சில ஆண்டுத் தோல்விகளைத் தெரிந்தே ஏற்று, புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்புவதா? அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தைப் பின்பற்றுவோரிடையே ஆண்டுதோறும் எழுகின்ற வழக்கு இது. ஊருக்கு ஊர், அணிக்கு அணி, இவ்வழக்கு தீராது நடந்து வருகிறது.

பாவலர் கூடியிருக்கும் அவையில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று ஒருசிலருக்குத் தோன்றலாம். ஆட்டத்தைச் சற்றே விலக்கி வைத்துப் பார்த்தால், வழக்கின் உட்பொருள் காலத்தைப் பற்றியது என்பது விளங்கும். இன்னும் வாராத ஒரு நாளுக்காகக் கையில் இருக்கும் நாள்களை எவ்வளவு விலையாகக் கொடுக்கலாம்? அவ்விலையைக் கொடுப்பவர் யார், பயனைத் துய்ப்பவர் யார்? இவ்வினாக்களுக்குப் பேஸ்பால் வரலாறு தெளிவான சில சான்றுகளை வைத்திருக்கிறது. அவற்றை வரிசைப்படுத்தி, அவற்றிலிருந்து ஒரு முடிவைப் பெற இவ்வுரை முற்படுகிறது.

ஆட்டத்தின் அமைப்பு

சான்றுகளுக்குள் புகுமுன், அந்த ஆட்டம் நடைபெறும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம். மேஜர் லீக் எனப்படும் தலைமை அரங்கில் 30 அணிகள் உள்ளன. இளவேனில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரையில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். அவற்றுள் 90 ஆட்டங்களில் வென்றால் அது நல்ல அணி. 100 ஆட்டங்களில் தோற்றால் மிக மெலிந்த அணி. 2022ஆம் ஆண்டு முதல் 12 அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குச் செல்கின்றன. அச்சுற்றுகளின் முடிவில் இரண்டு அணிகள் மோதும் போட்டிக்கே உலகத் தொடர் என்று பெயர்.

இவ்வமைப்பின் இரண்டு விதிகளே வழக்கிற்கு மூலம். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடங்களில் நிற்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றன. பேஸ்பாலில் அத்தண்டனை இல்லை. மாறாக, மெலிந்த அணிக்கு ஒரு சலுகை உண்டு. பள்ளி, கல்லூரி இளைஞர்களுள் சிறந்தோரை அணிகள் முறைவைத்துத் தேர்ந்துகொள்ளும் புதுமுகத் தேர்வு 1965ஆம் ஆண்டு தொடங்கியது. மிகுதியாகத் தோற்ற அணிகளே அதில் முன்னால் நின்று தேர்ந்துகொண்டன. இது முதல் விதி.

இரண்டாவது விதி ஊதியம் பற்றியது. ஓர் இளைஞர் மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுப் பணி நிறைத்த பின்னரே, தாம் விரும்பும் அணியை நாடிச் செல்லும் உரிமையைப் பெறுகிறார். அதிலும் முதல் மூன்று ஆண்டுகள் அளவில், குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகைக்கே அவர் ஆட வேண்டியிருக்கும். ஆகவே, திறமை மிக்க இளைஞரைப் போல அணிக்கு ஊதியம் தருபவர் வேறெவரும் இலர்.

மறுகட்டுமானம் என்னும் கொள்கை இவ்விரு விதிகளின் மேல் எழுந்தது. விலை மிக்க மூத்த ஆட்டக்காரர்களைப் பிற அணிகளுக்குக் கொடுத்து, அவற்றின் இளைஞர்களைப் பெறுக. அதனால் நேரும் தோல்விகளுக்கு ஈடாகப் புதுமுகத் தேர்வில் முன்வரிசையைப் பெறுக. இளைஞர் அனைவரும் ஒருங்கே முதிரும் பருவத்தில் வெல்க. இதுவே அக்கொள்கையின் சாரம்.

மறுகட்டுமானத்தார் காட்டும் சான்றுகள்

இக்கொள்கையினர் முதலில் சுட்டிக்காட்டும் ஊர் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன். ஆஸ்ட்ரோஸ் என்னும் அவ்வூர் அணி 1962இல் தோன்றியது. அரை நூற்றாண்டாகியும் உலகத் தொடரை ஒருமுறையேனும் வென்றதில்லை. 2011இல் 106 ஆட்டங்களில் தோற்றது. அவ்வாண்டின் இறுதியில் உரிமையாளர் மாறினார். புதிய பொது மேலாளராக ஜெஃப் லூனோ வந்தார். இருந்த மூத்தோரும் கைமாறினர். 2012இல் 107 தோல்விகள். 2013இல் 111 தோல்விகள். மூன்று ஆண்டுகளில் 324 தோல்விகள் என்பது எந்த ஊராரும் எளிதில் தாங்கத்தக்கதன்று. 2013 செப்டம்பரில் அவ்வணியின் ஆட்டம் ஒன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பார்த்தோர் எண்ணிக்கையைக் கணிக்கும் அளவீட்டில் அதற்குக் கிடைத்த மதிப்பு 0.0.

அதற்கு அடுத்த ஆண்டு, 2014 ஜூனில், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அவ்வணியின் இளைஞர் ஒருவரை அட்டையில் வெளியிட்டு, 2017ஆம் ஆண்டின் உலகத் தொடர் வாகையர் இவர்களே என்று அறிவித்தது. பலர் நகைத்தனர். 2017இல் ஆஸ்ட்ரோஸ் 101 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தி, அந்த அட்டைச் சொல்லை மெய்யாக்கியது.

இரண்டாவது சான்று சிகாகோ கப்ஸ் அணி. 1908க்குப் பின் அவ்வணி உலகத் தொடரை வென்றதில்லை. 2011 அக்டோபரில் தியோ எப்ஸ்டீன் பொறுப்பேற்றார். 2012இல் 101 தோல்விகள், 2013இல் 96, 2014இல் 89 எனத் தோல்விகள் படிப்படியாகக் குறைந்தன. 2015இல் 97 வெற்றிகள். 2016இல் 103 வெற்றிகளோடு உலகத் தொடரும் கைக்கு வந்தது. 108 ஆண்டுக் காத்திருப்பு கிளீவ்லாந்து நகரில் நவம்பர் 2ஆம் நாள் இரவு முடிவுற்றது. பாட்டனும் தந்தையும் காணாது மறைந்த ஒன்றைப் பேரன் கண்டான்.

இவ்விரு சான்றுகளும் வலியவை. இவற்றைக் கண்ட பிற அணிகள், வெற்றிக்கு வழி தோல்வியே என்று கருதத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

விடாது பற்றிய அணி

எதிர்ப்புறத்தில் நின்ற அணிகளும் தவறின்றி இல்லை. பிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 2008இல் உலகத் தொடரை வென்றது. 2007 முதல் 2011 வரை தன் பிரிவில் ஐந்து முறை தொடர்ந்து முதலிடம் பெற்றது. அவ்வணியின் வலிமை மிக்க மட்டையாளர் ரயன் ஹவர்ட். பழைய ஒப்பந்தம் முடிய இரண்டு பருவங்கள் எஞ்சியிருந்தபோதே, 2010 ஏப்ரலில் அவருடன் 12.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டுப் புதிய ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2012இல் அது நடைமுறைக்கு வருகையில் அவருக்கு வயது 32.

2011இல் 102 ஆட்டங்களில் வென்ற அவ்வணி இறுதிச் சுற்றுகளின் தொடக்கத்திலேயே செயின்ட் லூயிஸ் அணியிடம் வீழ்ந்தது. பருவத்தின் கடைசிப் பந்தை அடித்துவிட்டு ஓடத் தொடங்கிய ஹவர்டின் குதிகால் தசைநார் அறுந்தது. வெற்றி தோல்வி இன்றி 2012இல் 81க்கு 81. 2013இலும் 2014இலும் 89 தோல்விகள். 2015இல் 99 தோல்விகள். முதிர்ந்த அணியைக் கலைக்க மனமின்றி ஆண்டுகளைக் கடத்திய பிலடெல்ஃபியா, 2022 வரையில் இறுதிச் சுற்றுகளுக்குத் திரும்பவில்லை.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஊருக்கு வெற்றி தேடித் தந்தவரை விலக்குவது நன்றி மறத்தலாகுமோ என்னும் தயக்கம் இழிவானதன்று. அது மனித இயல்பு. ஆயினும், வள்ளுவர் வலியறிதலை ஓர் அதிகாரமாகவும் காலமறிதலை மற்றோர் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வகுத்து வைத்ததன் நுட்பம் இத்தகைய இடங்களில் விளங்குகிறது. ஹவர்டின் வலியைப் பிலடெல்ஃபியா நன்கறிந்திருந்தது. காலத்தை அறியவில்லை.

இருபது ஆண்டு இருள்

மறுகட்டுமானம் தோன்றிய இடங்களிலெல்லாம் கனி பழுத்ததா? பிட்ஸ்பர்க் நகரத்துப் பைரேட்ஸ் அணியின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1992இல் உலகத் தொடரின் வாயில் வரை சென்று, அட்லான்டா அணியிடம் கடைசி நொடியில் தோற்றது அவ்வணி. அதன் தலைசிறந்த ஆட்டக்காரர் பாரி பாண்ட்ஸ் அத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சென்றார். அதன்பின் 1993 முதல் 2012 வரை, தொடர்ந்து 20 பருவங்களில் வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதி. வட அமெரிக்காவின் நான்கு பெரும் விளையாட்டு அமைப்புகளில் இவ்வளவு நீண்ட தாழ்ச்சி வேறெவ்வணிக்கும் அதுகாறும் நேர்ந்ததில்லை.

அவ்விருபது ஆண்டுகளிலும் நாளை விடியும் என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. 2003இல் அராமிஸ் ரமிரெஸ், 2008இல் ஜேசன் பே என நன்கு ஆடியவர் ஒவ்வொருவராக வேற்றூருக்குக் கொடுக்கப்பட்டனர். 1993இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த குழந்தை 2013இல் இருபது வயது எய்தும் வரை, தோல்வியைவிட வெற்றி மிகுந்த ஒரு பருவத்தையேனும் தன் ஊர் அணியிடம் கண்டதில்லை. மறுகட்டுமானம் பற்றிய கணக்குகளில் இக்குழந்தைக்கு இடமில்லை. அணிக்கு இருபது ஆண்டு என்பது ஒரு காலப்பகுதி. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கோ அது இளமை முழுவதும்.

2013 அக்டோபர் முதல் நாள் இரவு, இறுதிச் சுற்றின் ஒற்றை ஆட்டத்தில் சின்சினாட்டி அணி பிட்ஸ்பர்க் அரங்கிற்கு வந்தது. கருப்பு உடை அணிந்து திரண்டிருந்த கூட்டம், எதிரணிப் பந்தெறிவாளர் ஜானி குயேட்டோவின் பெயரை ஒருசேர நீட்டி முழக்கியது. பந்து அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுத்து அவர் எறிந்த பந்தை ரசல் மார்ட்டின் அரங்கின் வேலிக்கு அப்பால் அடித்து அனுப்பினார். பிட்ஸ்பர்க் 6க்கு 2 என வென்றது. இருபது ஆண்டு காத்திருந்த மக்களின் குரலில் எத்துணை ஆற்றல் தேங்கியிருந்தது என்பதற்கு அவ்விரவு சாட்சி.

அறுவடை காணாத விதைப்பு

மறுகட்டுமானத்தைத் திட்டமிட்டுச் செய்தும் பயன்பெறாத அணிகள் உண்டு. சிகாகோ நகரின் மற்றோர் அணியான ஒயிட் சாக்ஸ், 2016 டிசம்பரில் தன் சிறந்த பந்தெறிவாளர் கிரிஸ் ஸேலை பாஸ்டனுக்குக் கொடுத்து இளைஞர்களைப் பெற்றது. 2018இல் 100 தோல்விகளைத் தாங்கியது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இறுதிச் சுற்றுகளை எட்டியது; இரண்டிலும் முதல் தடையிலேயே வெளியேறியது. பின்னர்ச் சரிந்து, 2024இல் 121 ஆட்டங்களில் தோற்று, தற்காலப் பேஸ்பால் வரலாற்றில் ஒரு பருவத்தில் மிகுதியாகத் தோற்ற அணி என்ற பெயரைப் பெற்றது. ஸேலோ 2018இல் பாஸ்டனுக்காக உலகத் தொடரின் கடைசிப் பந்தை எறிந்து வாகை சூடினார்.

பால்டிமோர் ஓரியோல்ஸ் 2018இல் 115, 2019இல் 108, 2021இல் 110 என்று தோல்விகளை அடுக்கியது. அதன் பயனாக 2023இல் 101 ஆட்டங்களில் வென்றது. ஆயினும் 2023, 2024 இரண்டு ஆண்டுகளின் இறுதிச் சுற்றுகளிலும் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. 2025இல் மீண்டும் தோல்விகள் மிகுந்த பருவம்.

இது இக்காலத்தில் மட்டும் தோன்றிய நோயன்று. ஐம்பது ஆண்டுக்காலம் பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணியை நடத்திய கோனி மேக், 1914இல் தம் பிரிவில் முதலிடம் பெற்ற அணியைக் கலைத்தார். போட்டி அமைப்பு ஒன்று தோன்றி ஊதியங்களை ஏற்றிவிட்டதால் நேர்ந்த முடிவு அது. 1914இல் 99 ஆட்டங்களில் வென்ற அணி 1915இல் 109 ஆட்டங்களிலும் 1916இல் 117 ஆட்டங்களிலும் தோற்றது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடத்தில் கிடந்தது. 1929இலும் 1930இலும் மேக் மீண்டும் உலகத் தொடரை வென்றார். பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் அவ்வணியையும் விற்றுக் கலைத்தார். இரண்டாம் முறை கட்டடம் எழவேயில்லை. 1954க்குப் பின் அவ்வணி ஊரைவிட்டே கான்சஸ் நகருக்குச் சென்றது. ஒரே மனிதர், ஒரே முறை. முதற்கால் பலித்தது, மறுகால் பொய்த்தது.

ஹூஸ்டன் கணக்கு

இனி, மறுகட்டுமானத்தின் தலையாய சான்றான ஹூஸ்டனைச் சற்று நெருங்கிக் காணுதல் வேண்டும். 2017இல் வாகை சூடிய அணியில் தோல்விகளின் பயனாக வந்தவர் எத்தனை பேர்?

அவ்வணியின் நடுநாயகம் ஹோசே அல்டூவே. வெனிசுவேலா நாட்டவர், ஐந்தடி ஆறங்குலம். குள்ளர் என்று கருதித் தேர்வு முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். மறுநாள் மீண்டும் போய் நின்றவர். 2007இல் 15,000 டாலருக்கு ஒப்பந்தமானார். 2011 ஜூலையில் மேஜர் லீக்கில் ஆடத் தொடங்கி, கசப்பான தோல்வி ஆண்டுகள் அனைத்தையும் களத்தில் நின்றே கடந்தார். 2017இல் தம் பிரிவின் மதிப்பு மிக்க ஆட்டக்காரர் விருது அவரைச் சேர்ந்தது. பந்தெறிவாளர் டாலஸ் கைக்கல் 2009இல் ஏழாம் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரான ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2011 ஜூனில் பதினோராவது இடத்தில் தேர்வானவர். இம்மூவரும் உரிமையாளர் மாறுவதற்கு முன்பே அணிக்குள் வந்துவிட்டவர்கள். ஜஸ்டின் வெர்லாண்டர் 2017 ஆகஸ்டு இறுதி நாளில் டெட்ராய்ட்டிலிருந்து மாற்றுப் பேரத்தில் வந்தவர்.

அவ்வாறாயின் தோல்விகள் தந்த முதலிடங்கள் யாவை? 2012இல் முதலிடத்தில் கார்லோஸ் கொரெயா தேர்வானார், அத்தேர்வு பலித்தது. அவருடைய ஒப்பந்தத்தில் மிச்சம் பிடித்த தொகையால் லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்னும் நல்ல பந்தெறிவாளரும் கிடைத்தார். 2013இன் முதலிடத்தில் மார்க் அப்பெல் தேர்வானார். அவர் ஹூஸ்டனுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்தும் எறியவில்லை. அதே ஆண்டு இரண்டாம் இடத்தில் நின்ற சிகாகோ கப்ஸ் தேர்ந்த கிரிஸ் பிரயன்ட், 2016இல் அவ்வணியின் வாகைக்குத் தூணானார். 2014இன் முதலிடத்தில் தேர்வான பிரேடி எய்க்கன், மருத்துவச் சோதனைக்குப் பின் எழுந்த கருத்து வேறுபாட்டால் ஒப்பந்தமாகவே இல்லை. அதற்கு ஈடாக 2015இல் கிடைத்த இரண்டாம் இடத்தில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். முதலிடங்கள் மூன்றில் ஒன்று பலித்தது, ஒன்று பொய்த்தது, ஒன்று தவறிப்போய் வேறு வடிவில் கைகூடியது.

இடித்துக் கட்டும் விரைவில் கைநழுவிய மணிகளும் உண்டு. 2014 மார்ச்சில் ஹூஸ்டன் விடுவித்த ஜே. டி. மார்ட்டினெஸ், டெட்ராய்ட்டிலும் பாஸ்டனிலும் தலைசிறந்த மட்டையாளர் வரிசையில் இடம்பெற்றார்.

சிகாகோவின் கணக்கும் இதையே காட்டுகிறது. பிரயன்ட் தோல்வியால் வந்தவர். ஆனால் ஆன்டனி ரிஸ்ஸோ, ஜேக் அரியேட்டா, ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கி வைத்த கைல் ஹென்ட்ரிக்ஸ் மூவரும் மாற்றுப் பேரங்களில் வந்தவர்கள். மூத்த பந்தெறிவாளர் ரயன் டெம்ஸ்டரைக் கொடுத்தபோது கிடைத்த ஹென்ட்ரிக்ஸ் அன்று அறியப்படாத இளைஞர். ஜான் லெஸ்டரும் பென் ஸோப்ரிஸ்டும் பொருள் கொடுத்து அழைத்து வரப்பட்டவர்கள்.

இக்கணக்குகளிலிருந்து புலனாவது ஒன்றே. தோல்வி வேறு, கட்டுமானம் வேறு. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்வதால் ஒன்றையே மற்றதன் காரணம் என்று மயங்க நேர்கிறது. நிலத்தைத் தரிசாகப் போட்டுவைத்தவன், அடுத்த ஆண்டு விளைச்சல் கண்டதும் தரிசே விளைவித்தது என்று சொல்வானாயின், இடையில் நடந்த உழவையும் விதைத் தேர்வையும் மறந்தவனாவான். ஹூஸ்டனிலும் சிகாகோவிலும் உழவு நடந்தது: பிறர் காணாத திறனைக் கண்டறிந்தனர், இளைஞர்க்குப் பயிற்சி அளித்தனர், காலம் கனிந்ததும் பொருளைச் செலவிட்டனர். தரிசை மட்டும் பார்த்துப் பின்பற்றிய அணிகள் தரிசையே பெற்றன.

உழுதுகொண்டே உண்ணுதல்

தரிசு போடாமலே உழுதல் இயலுமா? இயலும் என்பதற்கு 2018 ஜூலை 31ஆம் நாள் நிகழ்ந்த ஒரு பேரம் சான்று. அன்று பிட்ஸ்பர்க் அணி உடனடி வெற்றியை நாடி, டாம்பா பே ரேஸ் அணியிடமிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்னும் பெயர்பெற்ற பந்தெறிவாளரைப் பெற்றது. விலையாக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்னும் மூன்று இளைஞரைக் கொடுத்தது. பிட்ஸ்பர்க் அவ்வாண்டு இறுதிச் சுற்றை எட்டவில்லை. அடுத்த ஆண்டு 93 தோல்விகள். விதைநெல்லைக் குத்தி உண்டவன் கதை.

டாம்பா பே செல்வம் குறைந்த அணி. தன் மூத்தோரை ஒவ்வொருவராக உரிய காலத்தில் மாற்றி, இளையோரைப் பெற்று, அதே வேளையில் வெல்லவும் முயன்றது. ஆர்ச்சரைக் கொடுத்த அந்த ஆண்டிலேயே 90 வெற்றிகள், 2019இல் 96, 2020இல் உலகத் தொடர். அத்தொடரின் முதல் ஆட்டத்தில் பந்தெறிந்தவர் கிளாஸ்னோ. உலகத் தொடரை அவ்வணி வெல்லவில்லை என்பது மெய். ஆனால் அவ்வூர்க் குழந்தை இருபது ஆண்டு இருளில் வளர வேண்டிய நிலையும் அந்நாளில் வரவில்லை.

வெற்றியின் மேல் படிந்த நிழல்

ஹூஸ்டன் வரலாற்றில் இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். பந்தைப் பிடிப்பவர் தம் பந்தெறிவாளர்க்கு விரலால் காட்டும் மறைகுறிப்பை, 2017இல் ஹூஸ்டன் அணியினர் அரங்கில் பொருத்திய படக்கருவியால் கண்டு, குப்பைத் தொட்டியைத் தட்டித் தம் மட்டையாளர்க்கு உணர்த்தினர் என்பது விசாரணையில் உறுதியாயிற்று. 2020 ஜனவரியில் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதமும், பொது மேலாளர் லூனோவுக்கும் களப் பயிற்றுநர் ஏ. ஜே. ஹின்ச்சுக்கும் ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முதலிரு சுற்றுப் புதுமுகத் தேர்வு உரிமையும் பறிக்கப்பட்டது.

இப்பழியை மறுகட்டுமானக் கொள்கையின் மேல் சுமத்துவது முறையாகாது. ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. 324 தோல்விகளைப் பொறுத்த மக்களுக்கு வாக்களிக்கப்பட்டது ஒரு நாள், அந்நாள் வந்தது, வந்த நாளின் மேல் கறை படிந்தது. நாளைக்காக இன்றைக் கொடுப்பவன், அந்த நாளை எவ்வடிவில் வரும் என்பதற்கு எவரிடமும் உறுதி பெற்றவன் அல்லன்.

விதியும் மாறியது

தோற்பதற்குப் பரிசளிக்கும் முறையின் குறையை மேஜர் லீக்கும் உணர்ந்தது. 2022இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, புதுமுகத் தேர்வின் முதல் ஆறு இடங்கள் குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படுகின்றன. ஓர் அணி ஆண்டுதோறும் அக்குலுக்கலில் இடம்பெறவும் வரம்பு உண்டு. 2024இல் 121 ஆட்டங்களில் தோற்ற ஒயிட் சாக்ஸ், இவ்வரம்பினால் 2025இல் பத்தாம் இடத்திலேயே தேர்ந்துகொள்ள நேர்ந்தது. அதே உடன்படிக்கை இறுதிச் சுற்றின் வாயிலையும் 12 அணிகளுக்கு அகலப்படுத்தியது. தோல்வியின் விலை ஏறிற்று. முயற்சியின் பயன் கூடிற்று.

வாயில் அகன்ற முதல் ஆண்டிலேயே, தன் பிரிவிலிருந்து ஆறாவதாக, கடைசி அணியாக உள்ளே நுழைந்தது பிலடெல்ஃபியா. வெற்றி 87 மட்டுமே. நுழைந்த அணி உலகத் தொடர் வரை சென்றது. அங்கு எதிர்நின்றது ஹூஸ்டன். ஆறாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் வாகை சூடியது. கலைத்துக் கட்டிய அணியும், கலைக்க மறுத்துத் தளர்ந்து பின் மெல்ல எழுந்த அணியும் ஒரே களத்தில் வந்து நின்றன. அதே 2022 ஜூனில், ஹூஸ்டன் ஒருகாலத்தில் முதலிடம் தந்து தேர்ந்த மார்க் அப்பெல், ஆட்டத்தை விட்டு விலகி மீண்டும் திரும்பி வந்து, முப்பதாம் வயதில் முதன்முதலாக மேஜர் லீக்கில் பந்தெறிந்தார். அவர் அணிந்திருந்தது பிலடெல்ஃபியாவின் சீருடை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

ஒன்று: கலைக்க வேண்டிய காலத்தில் கலைக்காதது பிழை. முதிர்ந்த அணியைப் பற்றிக்கொண்டிருத்தல் நன்றியாகாது. முதியோர்க்கும் அது நன்மை செய்வதில்லை.

இரண்டு: கலைத்தல் மட்டும் கட்டுதல் ஆகாது. தோற்கும் ஆண்டுகளில் யார் கற்பிக்கிறார், யார் கற்கிறார், எது வளர்கிறது என்று கேட்க வேண்டும். விடை இல்லையெனில் அங்கு நடப்பது மறுகட்டுமானமன்று, வெறும் சிக்கனம்.

மூன்று: பொறுமைக்கு எல்லை வேண்டும். சிகாகோவில் நான்காம் ஆண்டு வெளிச்சம் தெரிந்தது. ஹூஸ்டனிலும் லூனோ வந்த நான்காம் பருவமான 2015இல் இறுதிச் சுற்று எட்டப்பட்டது. எல்லையில்லாப் பொறுமையை மக்களிடம் கேட்பவர், தம் திறமையின்மைக்கு அவர்களுடைய வாழ்நாளை ஈடாகக் கேட்கிறார்.

ஆகவே, கட்டுவதா வெல்வதா என்னும் வினாவுக்கு இவ்வுரை தரும் விடை: கட்டுக, ஆனால் தோற்பதைத் தொழிலாகக் கொள்ளற்க. களத்தில் இறங்கும் ஆட்டக்காரர் எவரும் தோற்பதற்காக ஆடுவதில்லை. 111 ஆட்டங்கள் தோற்ற 2013ஆம் ஆண்டிலும் அல்டூவே ஒவ்வொரு பந்தையும் வெல்வதற்காகவே எதிர்கொண்டார். திட்டம் வகுப்போர் எதை எண்ணியிருப்பினும், நாளைய அணி பிறந்தது அந்த மட்டையாளரின் இன்றைய முயற்சியிலிருந்துதான்.